பேர் சொல்லிக் கூப்பிடும் வரை

நம் செட்டு ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பெரிய சார் மேஜை மேல் ஒரு பச்சைத் துணி விரித்திருப்பார்கள். ஓரத்தில் மசி கொட்டிய கறை, நடுவில் டீ டம்ளர் வைத்து வைத்து விழுந்த வட்டங்கள். அந்தத் துணிக்கு அடியில் என்ன வாசம் அடிக்கும் என்று உங்களில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரியும். பழைய கோந்து, சாக்பீஸ் தூள், அதற்கும் கீழே லேசாக எலிப்புழுக்கை. எட்டாம் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க நான் அதற்கு அடியில் பிணமாகக் கிடந்தேன்.

இதை எழுத உட்கார்ந்த பிறகு இரண்டு தடவை எழுந்துபோய் கேஸ் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். அணைந்துதான் இருக்கிறது. சின்ன வயதிலேயே நான் இப்படித்தான். எட்டாவதோடு படிப்பு நின்றவள் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் சரிசெய்து படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி. பள்ளிக்கூடம் எட்டாவது வரைதான். அதற்கு மேல் படிக்க திண்டுக்கல்லுக்குப் போக வேண்டும். ஆண்பிள்ளைகள் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய் வந்தார்கள். பெண்பிள்ளைகளை அப்படி அனுப்ப மாட்டார்கள். எங்கள் அப்பாவுக்கு மல்லிகைத் தோட்டம் இருந்தது. மல்லிகை இருக்கிற வீட்டில் பெண்பிள்ளையின் விரலுக்கு எப்போதும் வேலை உண்டு. பரீட்சை முடிந்ததும் நான் தோட்டத்துக்கு என்பது பேசாமலே முடிவாகியிருந்தது.

அந்த வருடம் எங்கள் தமிழ் வாத்தியார் ஒரு நாடகம் போட்டார். டவுனில் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஒரு போட்டி. அதில் மார்க் போட வருகிறவர்களில் ஒருவர் பெண்பிள்ளைகள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. அந்த அம்மா வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். வாத்தியார் அதை அப்பாவிடம் வந்து சொன்னார்.

"ஒரே ஒரு எடம் இருக்குங்க. நாடகத்துல இருக்குற பொம்பளப் பிள்ளைகளப் பாத்துப் பேசிட்டு ஒண்ண எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. சாப்பாடு, துணிமணி, படிப்பு எல்லாம் அவங்க பொறுப்பு."

அப்பா பூக்கூடையைத் தைத்துக்கொண்டே, "கெடச்சாப் போகட்டும் சார். கெடைக்கலன்னா தோட்டம் இருக்கு" என்றார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நாடகத்தில் பெண்பிள்ளைகள் இரண்டு பேர். மற்றவர்கள் பெரிய மனுஷி ஆகிவிட்டார்கள், மேடையேற வீட்டில் விடவில்லை. ஒருத்தி ராணி வேஷம் போட்டவள். அவள் அப்பா மாட்டுவண்டி ஓட்டினார். அவளுக்கும் அந்த இடம் இல்லையென்றால் வேறு வழி கிடையாது. இன்னொருத்தி நான்.

நாடகத்தின் பெயர் இப்போது எதற்கு. பழைய நாடகங்கள் எல்லாவற்றையும் போல ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு மந்திரி, சாகிற ஒரு பிள்ளை. ராஜா கோட்டைக் கதவைத் திறக்க மாட்டேன் என்று சபதம் செய்கிறார். இளவரசன் மதில் ஏறிக் குதித்துச் சண்டைக்குப் போய்ச் செத்து வருகிறான். கடைசிக் காட்சி முழுக்க அவன் நடுவில் கிடக்க, எல்லோரும் சுற்றி நின்று செய்யுளாகப் பேசுகிறார்கள். பெரிய கூட்டம் நடிக்க வேண்டிய நாடகம் அது. எங்களிடம் அத்தனை பிள்ளைகள் இல்லை. அதனால் ஆளுக்கு இரண்டு வேஷம். தோளில் சிவப்புத் துண்டு கிடந்தால் நம் நாட்டு ஆள், நீலம் என்றால் எதிரி நாட்டு ஆள். மந்திரியும் எதிரி நாட்டுத் தூதனும் ஒரே பையன்தான். துண்டை மட்டும் மாற்றிக்கொண்டு வருவான்.

வாத்தியாருக்கு அந்தப் பருவத்தில் எங்கள் சொந்தப் பேர் எல்லாம் மறந்துபோனது. "ஏ ராஜா, சாக்பீஸ் எடுத்துட்டு வா." "மந்திரி, ஒங்கப்பா வந்திருக்காரு பாரு." எங்களுக்கும் அது பிடித்திருந்தது.

முதலில் எனக்குத் தோழி வேஷம் கொடுத்துப் பார்த்தார். நாலு பேர் பார்த்தால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். வாயைத் திறப்பேன், காற்றுதான் வரும். ஆனால் எல்லார் வசனமும் எனக்கு மனப்பாடம். ஆசையாய்ப் படித்ததில்லை. யாராவது மறந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் படித்தது. ஒத்திகையில் மற்றவர்கள் பேசும்போது என் உதடு தானாக அசையும். வாத்தியார் அதைப் பார்த்துவிட்டார்.

"நீ ஏம்மா மந்திரி வசனத்துக்கு வாய அசைக்கிற?"

"அவன் மறந்துருவான் சார்."

"இன்னும் மறக்கலையே?"

"அதான் சார் பயமா இருக்கு."

ராஜா வேஷக்காரன் சிரித்தான். வாத்தியார் சிரிக்கவில்லை.

அவருக்கு அப்போது பெரிய கஷ்டம், சாகிற வேஷத்துக்கு ஆள் இல்லாதது. எந்த வீட்டிலும் சம்மதிக்கவில்லை. ராஜாவின் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து, "எம்புள்ளைய எத்தன தடவ வேணாலும் தோக்கச் சொல்லுங்க சார், சாகச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது கஷ்டம், அடி எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாதது. ஓரத்தில் நின்று கொடுத்தால் நடு மேடைக்குக் கேட்காது. சத்தமாகக் கொடுத்தால் சபைக்குக் கேட்கும்.

இரண்டு கஷ்டத்தையும் சேர்த்து என் தலையில் வைத்துத் தீர்த்தார். கடைசிக் காட்சியில் பிணம் நடுவில்தான் கிடக்கிறது. எல்லோரும் அதைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். முகம் மூடியிருக்கிறது. பிணத்துக்கு எல்லாப் பாட்டும் தெரிந்திருந்தால் வேறென்ன வேண்டும். பெரிய சார் மேஜைத் துணியை உருவிக்கொண்டு வந்து என்மேல் போட்டார்கள். முன் காட்சிகளில் இளவரசனுக்கு நின்று முறைப்பதும் வாளை உருவுவதும்தான் வேலை. அவனுடைய வசனத்தையெல்லாம் மந்திரிக்கு மாற்றி எழுதிவிட்டார்.

விஷயம் அம்மாவுக்குத் தெரிந்தபோது அம்மா முழுகாமல் ஆறு மாதமாக இருந்தார். அதற்கு முன் எங்கள் வீட்டில் ஒன்று பிறந்த அன்றே போயிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதற்குத் தைத்து வைத்த சின்னச் சட்டை மட்டும் டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் திருவிழா நாடகத்தில் சாவு வேஷம் போடுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. திரை விழுந்ததும் தானாக எழக் கூடாது. வீட்டு ஆள் ஒருவர் வந்து பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பிறகு எழுந்து, கொடுக்கிற வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு போகலாம். தானாக எழுந்தால் அந்த வீட்டில் அடுத்து வருகிற உயிருக்கு ஆகாது என்பார்கள்.

அம்மா அப்பாவிடம், "செத்தாப்புல படுத்தாத்தான் படிப்பு வரும்னா படுத்துட்டுப் போகட்டும்" என்றார். பிறகு என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "ஏ பிள்ள, நல்லாக் கேட்டுக்க. பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தான் எந்திரிக்கணும். யாரு என்ன சொன்னாலும் சரி. வயித்துல ஒண்ணு கெடக்கு, பாத்துக்க" என்றார்.

பார்த்துக்கொண்டேன்.

உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தத் துணிக்கு அடியில் படுத்தால் எனக்குக் கவலை நின்றுவிடும். அதுவரை எந்நேரமும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். படுத்துத் துணியைப் போட்டதும் அது ஓய்ந்துவிடும். துணியில் ஒரு பக்கம் பூச்சி அரித்த ஓட்டை. அது வழியாகப் பாதங்கள் தெரியும். ராஜாவுக்குப் பெருவிரல் நகம் பெயர்ந்திருக்கும். ராணி கால்விரலில் மருதாணி வைத்திருப்பாள். யாராவது மறக்கப் போகிறார்கள் என்றால் முதலில் பாதம்தான் காட்டிக்கொடுக்கும். விரல் மடங்கும். மடங்கியதும் நான் முதல் இரண்டு சொல்லைக் கொடுத்துவிடுவேன், உதட்டை அசைக்காமல். எனக்கு வராத பேச்சு அங்கே மட்டும் வந்தது. ஏன் என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

ஊரில் முதலில் பள்ளி ஆண்டுவிழாவில் போட்டோம். மந்திரி துண்டை மாற்ற மறந்து, எதிரி நாட்டுத் தூதனாக வந்து மிரட்டும்போதும் சிவப்புத் துண்டோடு நின்றான். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "ஏலே, நீ யாரு பக்கம்டா? சோறு இங்கன திங்கிற, சண்ட அங்கிட்டா?" என்றார். அவன் பயத்தில் இரண்டு துண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்தான். ராணி புலம்பும் இடத்தில் பெண்கள் மூக்கைச் சிந்துவது எனக்குக் கேட்டது. திரை என்று கட்டிய போர்வை விழுந்ததும் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்து கூப்பிட்டார். எழுந்தேன். வெல்லம் கொடுத்தார். அதில் ஒரு எறும்பு இருந்தது.

டவுனுக்குப் போகிற நாளில் அம்மாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது, பஸ் குலுங்கலில் வர முடியாது. அப்பாவுக்குப் பூ மார்க்கெட். அம்மா வாத்தியாரைத் தேடிப் போய், வெல்லத்தை ஒரு துணியில் முடிந்து கொடுத்துச் சொன்னார்.

"சார், திரை விழுந்ததும் அது பேரச் சொல்லி நீங்க ஒரு சத்தம் குடுக்கணும்."

வாத்தியாருக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நல்ல மனுஷர். பிள்ளைத்தாய்ச்சியிடம் எதிர்த்துப் பேசுவாரா. "சரிம்மா, சரிம்மா, கூப்புடுறேன்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தக்காளி ஏற்றிய லாரியில் போனோம். கிரீடங்கள் எங்கள் மடியில். அட்டையில் வெட்டி, சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளை ஒட்டிய கிரீடங்கள். ராணியின் சேலை வாத்தியார் வீட்டு அம்மாவுடையது, சின்னாளபட்டிச் சுங்குடி. டவுன் நெருங்கியதும் மலைக்கோட்டை தெரிந்தது. பேகம்பூர்ப் பக்கமிருந்து தோல் பதனிடுகிற ஷாப்புகளின் வாடை வந்தது. ராஜா கிரீடத்தால் மூக்கை மூடிக்கொண்டான். ராணி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"மறந்துட்டன்னா குடுத்துருவேல?"

"குடுத்துருவேன்."

"எம்புட்டு மறந்தாலும்?"

"ம்."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் போட்டி என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அந்த மண்டபத்தில் நிஜத் திரை இருந்தது. சிவப்பு வெல்வெட், கயிற்றை இழுத்தால் விழும். நாங்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். எங்கள் முறை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்தது. மேலே தகரக் கூரை, துணிக்குள் வெந்தது. கடைசிக் காட்சியில் ராணி என் தலைமாட்டில் மண்டியிட்டாள். அவள் முழங்கால் என் காதை இடித்தது. முதல் இரண்டு அடியை நன்றாகத்தான் பாடினாள்.

"வில்லெடுத்த கையில் இன்று ஈ மொய்க்க விடுவேனோ,
சொல்லெடுத்துப் பேச உனக்குச் சோர்வென்ன என் மகனே."

மூன்றாவது அடிக்கு விரல் மடங்கியது. எங்கோ மின்விசிறி தேய்கிற சத்தம்.

"நில்லென்று நான்" என்று கொடுத்தேன்.

"நில்லென்று நான் சொன்னேன், நீ கேட்டாய் இல்லையே" என்று பிடித்துக்கொண்டாள். அந்த இடைவெளி, ராணி துக்கத்தில் நிறுத்தியது போல ஆகிவிட்டது. சபையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அதற்கப்புறம் அவள் பயத்தில் உண்மையாகவே அழுதாள். மிச்சம் முழுவதையும் நான் ஒவ்வொன்றாகக் கொடுக்க, அவள் அழுதுகொண்டே பாடினாள். திரை விழுந்தது. கைதட்டல் தகரக் கூரையில் மழை விழுந்த மாதிரி இருந்தது.

"வாங்க, வாங்க, எல்லாரும் முன்னாடி வாங்க, கூப்புடுறாங்க" என்று வாத்தியார் ஓடி வந்தார். பாதங்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போயின. திரைக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக நிற்கிற சத்தம். நான் கிடந்தேன். என் பேர் வரும் என்று காத்துக் கிடந்தேன்.

மைக்கில் விடுதி அம்மாவின் குரல் வந்தது. ராணியிடம் கேட்டார்.

"இம்புட்டுப் பாட்டையும் எப்புடிம்மா மனப்பாடம் பண்ணுன?"

"சார் சொல்லிக்குடுத்தாங்க."

"மேல படிப்பியா?"

"படிப்பேன்."

"இன்னொரு பொம்பளப் பிள்ளையும் இருக்குன்னீங்களே சார்?"

வாத்தியார் திரையைக் கொஞ்சம் விலக்கி, ஓரத்துப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ இளவரசே. எங்கம்மா போயிட்ட? இங்க வா."

மேடை நடுவில் அவர் பார்க்கவில்லை. அங்கே யாராவது இன்னும் கிடப்பார்கள் என்று எந்த மனுஷருக்குத் தோன்றும்.

நான் யோசித்தேன். அது கூப்பிட்டதில் சேருமா? என்னைத்தான் கூப்பிட்டார், அது தெரியும். ஆனால் செத்தது இளவரசன்தானே. இளவரசனைக் கூப்பிட்டு இளவரசனாக எழுந்தால் அது பிணம் தானாக எழுந்த மாதிரியா, அல்லது நான் எழுந்த மாதிரியா? அம்மா பேரைச் சொல்லி என்றுதான் சொன்னார். யாரு என்ன சொன்னாலும் சரி என்றும் சொன்னார். டிரங்குப் பெட்டிச் சட்டை ஞாபகம் வந்தது. அடுத்த தடவை கூப்பிடும்போது பேரைச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

"இளவரசே" என்று இன்னொரு தடவையும் கூப்பிட்டார். பிறகு, "கூச்சப்படுற பிள்ளைங்க. எங்கிட்டாச்சும் ஒளிஞ்சிருக்கும்" என்று மைக்கில் சொல்வது கேட்டது. சபை சிரித்தது. விடுதி அம்மாவும் சிரித்தார். பிறகு ராணியின் பேரைச் சொல்லி, இந்தப் பிள்ளையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். மறுபடியும் கைதட்டல்.

எனக்கு அழுகை வரவில்லை. ஓட்டை வழியாகப் பார்த்தேன். பாதங்கள் இல்லை, வெறும் பலகைதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து விளக்குமாறு தேய்க்கிற சத்தம் கிட்ட வந்தது. மண்டபத்தைக் கூட்டுகிறவர். துணியைத் தூக்கிப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார்.

"ஏ பாப்பா. என்ன, மேலுக்கு முடியலயா? எந்திரி."

நான் அசையவில்லை.

"நாடகம் முடிஞ்சிருச்சு தாயி. அடுத்த ஆளுக வாரானுக. எந்திரி."

"பேரச் சொல்லிக் கூப்புடுங்க" என்றேன்.

"ஒம்பேரு எனக்கு எப்புடித் தெரியும்?"

சொன்னேன். அவர் என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் பக்கத்து ஆள்தான் போல, அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. விளக்குமாற்றைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் துண்டில் துடைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு ஆள் மாதிரியே, நிறுத்தி, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

எழுந்தேன்.

வாத்தியாருக்குக் கோபம். "ஒனக்காகத்தானம்மா இம்புட்டுத் தூரம் பேசிவச்சேன். ஒளிஞ்சுக்கிட்டியே" என்றார். சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. திரும்பி வருகிற லாரியில் சட்டைப் பையில் கை விட்டவர், வெல்ல முடிச்சைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அவருக்கு ஞாபகம் வந்ததா, என்ன நினைத்தார், தெரியாது. "ஒங்கம்மா குடுத்துவிட்டது" என்று உடைத்து எல்லாருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். என் பங்கை நானும் தின்றேன். ராணி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

வீட்டில் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். இடம் கிடைத்ததா என்று கேட்கவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்புட்டாங்களா?"

"கூப்புட்டாங்கம்மா."

"அப்பச் சரி" என்று உள்ளே போய் அடுப்பைப் பார்த்தார். வாத்தியார் பிறகு அப்பாவிடம், பிள்ளைக்கு அறிவு இருக்கிறது, சபைக்கு ஆகாது என்று சொன்னாராம். அப்பா அதை ரொம்ப நாள் எல்லாரிடமும் சொன்னார், பெருமையும் இல்லாமல் குறையும் இல்லாமல். பரீட்சை முடிந்த மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். விடியுமுன் மொட்டு பறிக்க வேண்டும், ஈரம் விரலைக் குத்தும்.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். இப்போது திருப்பூரில் இருக்கிறான், அவனுக்கே பேரன் வந்துவிட்டான். போனில் பேசும்போதெல்லாம், "சாப்டியா, வண்டிய மெதுவா ஓட்டு" என்கிறேன். "அக்கா, ஒனக்கு வேற வேலையே இல்லையா" என்கிறான். நான் தானாக எழுந்திருந்தாலும் அவன் பிறந்திருப்பான் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க வழி இல்லை.

ஓட்டுப் போடப் போனபோது ஒரு தடவை பெரிய சார் அறையை எட்டிப் பார்த்தேன். இரும்பு மேஜை, மேலே கண்ணாடி. துணியைப் பற்றிக் கேட்க அங்கே யாரும் இல்லை.

போன தை மாதம் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். ராணியும் வந்திருந்தாள். டீச்சராக இருந்து ரிட்டயர் ஆகிவிட்டாள். முடி முழுக்க வெளுத்து, அதுவும் அழகாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்து, "ஏ, எப்புடி இருக்க?" என்று கையைப் பிடித்தாள். பிறகு அவளுடைய பேத்திகள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். நான் அவளுக்குப் பின் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். பேத்திகள் பாடச் சொல்லிப் பிடுங்கினார்கள். "எங்க பள்ளிக்கூடத்துல ஒரு நாடகம் போட்டோம்டி. அதுலதான் எனக்குப் படிப்பே கெடச்சுது" என்று ஆரம்பித்து, செத்த மகனுக்காக ராணி அழுகிற பாட்டு என்றாள்.

"செத்தது யாரு ஆச்சி?" என்றது சின்னது.

"அது யாரோ ஒரு பிள்ள. மூச்சே விடாது. அப்புடிக் கெடக்கும்."

பாடினாள். குரல் கரகரத்திருந்தது. முதல் இரண்டு அடி சரியாக வந்தது. பிறகு நின்றாள். பேத்திகள் அவள் வாயையே பார்த்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள், மெட்டி போட்ட விரல் மடங்கியது.

"நில்லென்று நான்" என்றேன், உதட்டை அசைக்காமல்.

"நில்லென்று நான் சொன்னேன், நீ கேட்டாய் இல்லையே" என்று பிடித்துக்கொண்டாள். எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. மேலே பாடிக்கொண்டே போனாள். நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும் பேத்திகள் கை தட்டினார்கள். வரிசை வரிசையாக எல்லாரும் சாப்பிட எழுந்து போனார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் என்னிடம் வந்து நின்று, "பந்தி போட்டாச்சுங்க, எந்திரிங்க" என்றான்.

அவனுக்கு என் பேர் தெரியாது. எழுந்து போனேன்.